பூக்கடையில் வைத்த இடது ஷூக்கள்

1. ஷட்டர் இறங்கிய மத்தியானம்

பர் துபாயில், துணிச்சந்தைக்குப் பின்னால் இருக்கும் கோவில் சந்தில், ஒரு நவம்பர் கடைசியில், மத்தியானம் ஒன்றே கால் மணிக்குப் பதினான்கு வெள்ளைக்காரர்கள் வலது காலில் மட்டும் ஷூ போட்டுக்கொண்டு நின்றார்கள். இடது கால் ஷூ ஒருவரிடமும் இல்லை. பதினைந்தாவது ஆளாக நானும் அதே கோலத்தில் நின்றேன். அவர்களை நடத்திக் கூட்டிவந்த கைடு நான்தான்.

எல்லாரும் கப்பலில் வந்த கெஸ்ட்டுகள். கப்பல் நான்கு மணிக்குக் கிளம்பும், மூன்று மணிக்குள் ஏறிவிட வேண்டும். இடது ஷூக்களை வைத்திருந்த பூக்கடையோ ஷட்டரை இறக்கிப் பூட்டிக் கிடந்தது. அந்த வட்டாரத்துக் கடைகள் ஒரு மணிக்கு மூடினால் நான்கு மணிக்குத்தான் திறக்கும். இது துபாய்க்கு வந்த மறுநாளே எல்லாருக்கும் தெரிந்துவிடும் விஷயம். எனக்கும் தெரியும். தெரிந்துதான் இந்த வேலையைச் செய்தேன்.

இன்று கைடு வேலைக்கு வருகிற தம்பி தங்கைகளுக்குப் புத்தகத்தில் சொல்லித்தர ஏராளம் இருக்கிறது. இதை எந்தப் புத்தகத்திலும் போட மாட்டார்கள் என்பதால் நானே எழுதி வைக்கிறேன். இரண்டாயிரத்து ஐந்தோ ஆறோ, வருஷம் சரியாக நினைவில்லை. ஷூக்கள் மட்டும் ஒவ்வொன்றாக நினைவிருக்கின்றன.

2. என் நடை

என் ஊர் தூத்துக்குடிப் பக்கம். துபாயில் ஒரு டூர் கம்பெனிக்கு முதலில் ஏர்போர்ட்டில் போர்டு பிடித்து நிற்கும் ஆளாகப் போனேன். இங்கிலீஷ் வாயில் வந்ததால் கைடு லைசென்ஸுக்கு எழுத வைத்தார்கள், பாஸ் பண்ணினேன். ஆறு மாதம் ப்ரொபேஷன். அது முடியும்போது கன்ஃபர்ம் செய்யாவிட்டால் விசா கேன்சல், ஊருக்கு டிக்கெட். ஷூ சமாச்சாரம் நடந்தது ஆறாவது மாதத்தில்.

எனக்குக் கொடுத்திருந்தது பழைய துபாய் வாக்கிங் டூர். கோட்டை வாசலில் பஸ் இறக்கிவிடும். அங்கிருந்து பஸ்தகியா என்கிற பழைய குடியிருப்பு, மேலே வீசும் காற்றைப் பிடித்து உள்ளே இறக்கும் காற்றுக் கோபுர வீடுகள், துணிச்சந்தை, கோவில் சந்து. பிறகு அப்ரா என்கிற மரப்படகில் கடல்கழியைத் தாண்டித் தேரா கரை, மசாலாச் சந்தை. பஸ் அங்கே வந்து நிற்கும். எங்கே நின்று என்ன சொல்ல வேண்டும் என்று கம்பெனி ஒன்பது பக்கம் அச்சடித்துக் கொடுத்திருந்தது. ஒரே வாரத்தில் மனப்பாடம் செய்துவிட்டேன். குடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நான் முன்னால் போவேன், கூட்டம் பின்னால் ஓடி வரும். இரண்டரை மணி நேர டூரை இரண்டு மணியில் முடித்துவிடுவேன். அதைத் திறமை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் ஆபரேஷன்ஸ் மேனேஜர் வசந்தி அக்கா யாழ்ப்பாணத்துக்காரர். குரல் உயர்த்தியே பேச மாட்டார், ஆனால் அவர் முன்னால் நின்றால் பள்ளிக்கூடம் ஞாபகம் வரும். ஒருநாள் என் டூரில் கூட வந்து பார்த்துவிட்டுச் சொன்னார்.

"செல்வம், உம்மட நடை நல்லாத்தான் இருக்கு. ஆக்கள் உம்மோட வருகினமோ எண்டு ஒருக்காத் திரும்பிப் பாரும்."

சரி அக்கா என்றேன். அடுத்த டூரில் இரண்டு தடவை திரும்பிப் பார்த்தேன். அதோடு சரி.

3. ஒற்றைச் செருப்பை எவன் எடுப்பான்

கோவிலை வெளியே நின்று காட்டினால் போதும் என்றுதான் அச்சடித்த தாளில் இருந்தது. நான்தான் ஆர்வக்கோளாறில் கெஸ்ட்டுகளை மாடியில் இருக்கும் சந்நிதிக்கே கூட்டிப்போக ஆரம்பித்தேன். நம் சாமியை நாம் காட்டாமல் யார் காட்டுவது என்ற பெருமை. அப்படிப் போன ஒரு நாள், படிக்குக் கீழே விட்ட இரண்டு ஜோடி ஷூக்கள் காணாமல் போயின. கோவிலில் செருப்பு தொலைந்தால் பீடை தொலைந்தது என்று நம் ஊரில் சொல்வார்களே, அதை அந்த இரண்டு கெஸ்ட்டுகளிடமும் சிரித்துக்கொண்டே சொன்னேன். அவர்கள் சிரிக்கவில்லை. கம்பெனி புது ஷூ வாங்கிக் கொடுத்து மன்னிப்பும் கேட்டது. இன்னொரு தடவை இப்படி நடந்தால் தன்னால் காப்பாற்ற முடியாது என்று வசந்தி அக்கா சொல்லிவிட்டார்.

அத்தோடு மாடிக்குப் போவதை விட்டிருக்கலாம். வீம்பு விடவில்லை. கோவில், கல்யாண வீடு எங்கே போனாலும் எங்கள் வீட்டில் ஒரு பழக்கம் உண்டு. இடது செருப்பை ஒரு மூலையிலும் வலது செருப்பை இன்னொரு மூலையிலும் விடுவோம். ஒற்றைச் செருப்பை எவன் எடுப்பான்? ஜோடி தேடுகிற பொறுமை திருடனுக்குக் கிடையாது. திருச்செந்தூர் கூட்டத்திலேயே பலித்த வித்தை, துபாயில் பலிக்காமலா போகும்?

இரண்டு கோணிப்பை வாங்கினேன். பதினான்கு கெஸ்ட்டுகளின் வலது ஷூக்களையும் என் வலது ஷூவையும் ஒன்றில் போட்டுத் துணிக்கடை சிந்தி சேட்டிடம் வைத்தேன். இடது ஷூக்களை இன்னொன்றில் போட்டு வாயை இறுக்கிக் கட்டினேன். போடும்போது அதில் ஒரு ஷூ மட்டும் கனமாக இருந்தது. நேரமாகிவிட்டதே என்ற அவசரத்தில் அதை ஏனென்று பார்க்கவில்லை.

அந்த இரண்டாவது பையை முருகேசன் அண்ணனிடம் கொண்டுபோனேன். மன்னார்குடிக்காரர், பூவும் கற்பூரமும் விற்கிற கடையில் வேலை. அது கார்த்திகை மாதம், சபரிமலைக்கு மாலை போட்டிருந்தார். கறுப்பு வேட்டி, கறுப்புச் சட்டை, வெறுங்கால். பூ வைத்த கடைக்குள், மாலை போட்ட மனிதரிடம் செருப்புப் பையை வாங்கச் சொன்னால் வாங்குவாரா? அதனால் செருப்பு என்று சொல்லவில்லை.

"சாமி, இது கெஸ்ட்டுங்க சாமான். பத்திரம். இருபது நிமிஷத்துல வந்துருவேன்" என்றேன்.

"வச்சுட்டுப் போங்க தம்பி" என்று வாங்கி, ஊதுபத்திப் பெட்டிகளுக்குப் பக்கத்தில் வைத்தார். எனக்கு உள்ளே குறுகுறுத்தது. ஆனாலும் படியேறிவிட்டேன்.

மாடியில் உச்சிக்காலப் பூஜை நேரம். தீபாராதனை, பிரசாதம் என்று இருபது நிமிஷம் நாற்பத்தைந்து ஆனது. இறங்கி வந்தபோது சேட் சாப்பிடப் போகாமல் வலது ஷூப் பையை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். எதிரே பூக்கடை பூட்டியிருந்தது.

4. உள்ளே அடித்த போன்

முருகேசன் அண்ணனுக்குப் போன் போட்டேன். ஷட்டருக்கு உள்ளேயிருந்து நாதஸ்வரம் கேட்டது. அவசரத்தில் போனைக் கடைக்குள்ளேயே வைத்துவிட்டுப் போயிருக்கிறார். இரண்டாம் தடவை போட்டேன், மறுபடி நாதஸ்வரம். கெஸ்ட்டுகளில் ஒருவர் ஷட்டரில் காதை வைத்துக் கேட்டு நல்ல இசை என்றார்.

அண்ணன் சாப்பாடு வாங்குகிற மெஸ்ஸுக்குப் போன் செய்து, கேரியர் எந்த ரூமுக்குப் போகிறது என்று கேட்டேன். இரண்டு தெரு தள்ளி, தையல்கடைக்கு மேலே மூன்றாவது மாடி. ஒற்றை ஷூவோடு ஓட முடியாது, கழற்றிவிட்டு வெறுங்காலில் ஓடினேன். ரூம் வாசலில் கேரியர் திறக்காமல் இருந்தது. சாமி இன்னும் வரவில்லையே என்றார் ரூமில் இருந்தவர்.

திரும்பி வந்தபோதுதான் அந்த அம்மாவைச் சரியாகப் பார்த்தேன். மார்கரெட் என்று பெயர், எழுபது வயதிருக்கும். சுவரைப் பிடித்துக்கொண்டு ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றார். சிறு வயதில் வந்த காய்ச்சலில் இடது கால் இரண்டு அங்குலம் குட்டையாகிவிட்டதாம். அடிப்பாகத்தைத் தடிமனாக வைத்து அவருக்கென்று தைத்த ஷூ அது. கோணிக்குள் கனத்தது அதுதான். மற்றவர்களுக்குச் சந்தையில் ரப்பர் செருப்பு வாங்கிப் போட்டு எப்படியாவது கப்பலேற்றிவிடலாம். இவருக்கு எந்தக் கடையில் வாங்குவது? இன்னும் பதினைந்து நாள் கப்பல் பயணம் பாக்கி. இரண்டு மணி நேரமாக இந்த அம்மா அந்தக் காலோடு என் பின்னால் ஓடி வந்திருக்கிறார், கோவில் படியையும் கைப்பிடியைப் பிடித்தபடி ஏறி இறங்கியிருக்கிறார். நான் ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை.

வசந்தி அக்காவுக்குப் போன் செய்து நடந்ததைச் சொன்னேன். வேலை போய்விட்டது என்று மனதில் எழுதிவிட்டுத்தான் பேசினேன்.

"ஆக்களுக்கு ஒண்டும் இல்லையே?"

"இல்லக்கா."

"அப்ப முதல்ல அவையை நிழலில இருத்தும். தண்ணி குடும். நடந்ததை உள்ளபடி சொல்லும், கதை விடாதேயும். சப்பாத்தைப் பிறகு பாப்பம்." ஷூவைத்தான் அவர் ஊரில் சப்பாத்து என்பார்கள்.

சேட் தன் கடைக்குள் ஜமக்காளம் விரித்து எல்லாரையும் உட்கார வைத்து டீ வரவழைத்தார். நான் நடுவில் நின்று எல்லாவற்றையும் சொன்னேன். எங்கள் ஊரில் ஜோடியை ஏன் பிரித்து வைப்போம், பூக்கடைக்காரரிடம் ஏன் பொய் சொன்னேன், எதையும் மறைக்கவில்லை. ஒன்பது பக்கத்தை ஒப்பித்தபோதெல்லாம் வராத சிரிப்பு இப்போது அவர்களுக்கு வந்தது. அப்படியானால் திருடன் இரண்டு தடவை வர வேண்டுமா என்று மார்கரெட் அம்மா கேட்டார். ஆமாம், அதற்குத்தான் சோம்பல்படுவான் என்றேன்.

அந்த நேரத்தில் பஸ் டிரைவர் கான் பாயிடமிருந்து போன். அவர் அக்கரையில், தேராவில் நிற்கிறார்.

"செல்வம் பாய், இதர் ஏக் காலா கப்டாவாலா கடா ஹை. சர் பே போரி. ஆப்கா நாம் போல்தா ஹை."

கறுப்புத் துணி கட்டிய ஆள், தலையில் மூட்டை, என் பெயரைச் சொல்கிறார். எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. ஒரு மணிக்குக் கடையை மூடியே ஆக வேண்டும் என்பது முதலாளி கட்டளை. பூட்டிவிட்டால் கெஸ்ட்டு சாமான் நான்கு மணி வரை உள்ளே மாட்டிக்கொள்ளும், அதற்குள் கப்பல் போய்விடும். இருபது நிமிஷம் என்றவன் வராததால், நாங்கள் பையை மறந்து வேறு வழியாக இறங்கிப் போய்விட்டதாக நினைத்திருக்கிறார்; என் குரூப் எப்போதும் தேராவில்தான் பஸ் ஏறும் என்பது அவருக்குத் தெரியும். சாப்பாட்டை விட்டுவிட்டு, மூட்டையைத் தூக்கிக்கொண்டு படகேறிவிட்டார். உள்ளே செருப்பு என்று தெரிந்திருந்தால், செருப்பில்லாமல் இவர்கள் எப்படிப் படகுத்துறைக்கு வருவார்கள் என்று யோசித்திருப்பார். தெரியாதே. நான்தான் சொல்லவில்லையே.

5. ஒற்றை ஷூ ஊர்வலம்

அவரைத் திரும்பி வரச் சொன்னால், நாங்கள் ஒரு படகிலும் அவர் ஒரு படகிலுமாக நடுவில் கடந்துவிட்டால் கதை கந்தல். அவரை அங்கேயே பிடித்து வையுங்கள், நகர விடாதீர்கள் என்று கான் பாயிடம் சொல்லிவிட்டுக் கிளம்பினோம். சேட் ஒரு காடாத்துணியை மடித்து மடித்துத் திண்டாக்கி, மார்கரெட் அம்மாவின் இடது பாதத்துக்குக் கீழே வைத்து நாடாவால் கட்டிவிட்டார். அந்த அம்மா எழுந்து நின்று பார்த்து, நடக்கலாம் என்றார். என் தோளைப் பிடித்துக்கொண்டார்.

துணிச்சந்தையிலிருந்து படகுத்துறை எனக்கு மூன்று நிமிஷ நடை. அன்றைக்கு இருபது நிமிஷம் ஆனது. குடையைத் தூக்கிப் பிடிக்கக் கையில்லை. பத்தடிக்கு ஒருமுறை அந்த அம்மா நிற்பார், நிற்கும்போது கண்ணில் பட்டதைக் கேட்பார். அந்த ஜன்னலுக்குப் பின்னால் யார் இருக்கிறார்கள் என்றார். என் தாளில் அதற்குப் பதில் இல்லை, ஆனால் எனக்குத் தெரியும். நான் துபாய்க்கு வந்த முதல் வருஷம் எட்டுப் பேரோடு படுத்திருந்த ரூம் அது. டியூட்டி மாறி மாறி வரும், ஒரே கட்டிலில் பகலில் ஒருவன், ராத்திரி ஒருவன். அதைச் சொன்னேன். இந்த மூலையில் மட்டும் ஏன் காற்று வருகிறது என்றார். இரண்டு பழைய வீடுகளுக்கு நடுவில் சந்து கடலைப் பார்த்துத் திறக்கிறது, ஜூலை மாதத்தில் சுமை இறக்குகிற ஆட்கள் எல்லாரும் இந்த மூலையில்தான் சாய்வார்கள், காற்றுக் கோபுரம் இல்லாதவர்களுக்கு இதுதான் கோபுரம் என்றேன். முன்னால் போனவர்கள் நின்று திரும்பி வந்து கேட்டார்கள். ஆறு மாதமாக நான் தினமும் போன சந்து. அங்கே சொல்வதற்கு இவ்வளவு இருக்கிறது என்று அன்றைக்குத்தான் எனக்கே தெரிந்தது.

கடைக்காரர்கள் ஷட்டருக்கு முன்னால் நின்று எங்களை வேடிக்கை பார்த்தார்கள். படகுக்கார பெங்காலி, இவர்கள் ஊரில் இது ஏதாவது வேண்டுதலா என்று என்னிடம் இந்தியில் கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

6. அக்கரையில்

படகு நெருங்கும்போதே தெரிந்தது. துறைப்படியில் முருகேசன் அண்ணன், தலையில் மூட்டை, பக்கத்தில் காவல்காரர் மாதிரி கான் பாய். கீழே வைத்தால் யாராவது மிதித்துவிடுவார்கள் என்று அத்தனை நேரமும் தலையிலேயே வைத்திருந்தாராம்.

"எங்க தம்பி போயிட்டீங்க? கப்பல விட்ருவாங்களோன்னு பயந்துட்டேன்" என்றார்.

நான் மூட்டையை வாங்கிக் கட்டை அவிழ்த்தேன். பதினைந்து ஷூக்களும் படியில் விழுந்தன. அண்ணன் பார்த்தார். எங்கள் கால்களைப் பார்த்தார். கை தானாக மாலையைத் தொட்டது. நாலு படி இறங்கி, உப்புத் தண்ணீரை அள்ளிக் கையைக் கழுவித் தலையில் தெளித்துக்கொண்டார். அவர் என்னை நாலு வார்த்தை வைதிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

மேலே வந்து சொன்னார்.

"செருப்புன்னு சொல்லியிருந்தீங்கன்னா கடைக்குள்ள விட்டிருக்க மாட்டேன் தம்பி. ஆனா வெளிய போட்டுக்கிட்டு, நீங்க வர்ற வரைக்கும் காவலுக்கு ஒக்காந்திருப்பேன்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. கெஸ்ட்டுகள் முன்னால் அழக்கூடாது என்பது கைடு வேலையின் முதல் பாடம், அதையும் தவறவிட்டேன். இவர் ஏன் தலையைக் கழுவினார் என்று மார்கரெட் அம்மா கேட்டார். விரதத்தைப் பற்றியும் என் பொய்யைப் பற்றியும் சொன்னேன். அவர் அண்ணனைப் பார்த்துக் கைகூப்பி, என் காலணியால் உங்களுக்கு இப்படி ஆகிவிட்டதே என்று வருத்தப்பட்டார். நான் அதைத் தமிழில் சொன்னேன்.

அண்ணனுக்குக் கூச்சம் தாங்கவில்லை. அப்போதுதான் அவர் அந்த அம்மாவின் காலில் கட்டியிருந்த துணித்திண்டைக் கவனித்தார். குவியலைப் பார்த்தார். எது யாருடையது என்று கேட்கவில்லை. தடித்த ஷூவைத் தானே குனிந்து எடுத்து, அந்த அம்மா கால் வைக்கத் தோதாகப் படியில் திருப்பி வைத்தார்.

"இனி மறுபடி கை கழுவணும்" என்று சொல்லிக்கொண்டே மீண்டும் தண்ணீருக்கு இறங்கினார். போகும்போது சிரித்துக்கொண்டுதான் போனார்.

மூன்று மணிக்கு ஏழு நிமிஷம் இருக்கும்போது கப்பலுக்குப் போய்ச் சேர்ந்தோம்.

7. கமெண்ட் கார்டு

டூர் முடிந்ததும் கெஸ்ட்டுகள் கார்டு எழுதிக் கொடுப்பார்கள். ப்ரொபேஷனில் இருப்பவனுக்கு அதுதான் தலையெழுத்து. மறுநாள் வசந்தி அக்கா கூப்பிட்டார். மேஜையில் பதினான்கு கார்டும் இருந்தன. ஒன்றை எடுத்து எனக்குத் தமிழில் சொன்னார்.

"'முதல் ரெண்டு மணித்தியாலம் எங்களுக்கு முன்னால நடந்தார். கடைசி அரை மணித்தியாலம் எங்களோட நடந்தார். நான் மார்க் போடுறது அந்த அரை மணித்தியாலத்துக்கு.' இதை எழுதினவ ஆரெண்டு உமக்குத் தெரியும்."

கன்ஃபர்மேஷன் லெட்டரை நீட்டினார். கோவிலுக்கு இனி கூட்டிப்போகக் கூடாது என்பார் என்று நினைத்தேன். கூட்டிப்போகலாம், ஆனால் நேரத்தைத் தாளில் சேர்த்து எழுதிவிட்டுக் கூட்டிப்போக வேண்டும் என்றார். அந்த ஒன்பது பக்கத்தையும் நான்தான் திருத்தி எழுதினேன். பதினோரு பக்கமானது. காற்று வரும் மூலை அதில் இருக்கிறது.

இத்தனை வருஷ சர்வீஸில் நான் கற்றதை இரண்டு வரியில் சொல்லிவிடலாம். அன்றைக்கு நான் போட்ட திட்டம் முழுக்க, வரவே வராத ஒரு திருடனை நினைத்துப் போட்டது. பக்கத்திலேயே இருந்த நல்ல மனிதனிடம் ஒரு வார்த்தை உண்மை சொல்லியிருந்தால் திட்டமே தேவைப்பட்டிருக்காது.

அடுத்த வாரம் இன்னொரு கப்பல் வந்தது. ஒரே ஒரு கோணிப்பை கொண்டுபோனேன். இடதும் வலதும் ஜோடி ஜோடியாக உள்ளே. பைமேல் மார்க்கரால் கொட்டை எழுத்தில் 'செருப்பு' என்று எழுதியிருந்தேன். முருகேசன் அண்ணன் எழுத்தைப் படித்தார், என்னைப் பார்த்தார். கையால் தொடவில்லை. கடைக்கு வெளியே ஓரிடத்தைக் காட்டி அங்கே வைக்கச் சொன்னார். பிறகு ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு வந்து பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார்.

நான் குடையை மடக்கி அக்குளில் வைத்துக்கொண்டு, எல்லாருக்கும் கடைசியாக வந்த ஒரு தாத்தாவோடு சேர்ந்து படியேறினேன்.